மூலத்தில் அந்தச் சத்தம் இல்லை

மூடுது, திறக்குது, திறக்குது, மூடுது. திரையில இந்த அமெரிக்காக்காரி வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது. தட்டை எடுக்கும்போது ஒரு வார்த்தை, வைக்கும்போது ஒரு வார்த்தை, நடுவுல தனக்குத்தானே ஒரு புலம்பல், அத்தனைக்கும் தமிழ் எழுத வேண்டியவ நான். மணி ரெண்டு நாப்பது. நாலேகாலுக்குக் கிளம்பணும், அஞ்சு மணிக்கு டாக்டர். அதுக்குள்ள இந்தப் பகுதியை முடிச்சு அனுப்பிரணும். சாலிகிராமத்துல டப்பிங் வசனம் எழுதுறவங்க எல்லாரும் கேட்டுக் கேட்டு எழுதுவாங்க, நான் மட்டும் சத்தத்தை அணைச்சிட்டு எழுதுவேன். பதினெட்டு வருஷமா இதே கிறுக்குத்தான். அர்த்தம் பேப்பர்ல இருக்கு, குரல் எதுக்கு? குரலைக் கேட்டா அது சொல்றதை நம்பித் தொலைச்சிருவோம். உதட்டை மட்டும் பார்த்தா எங்க மூடுது, எங்க இழுக்குது, எங்க சொல்ல வந்ததை முழுங்குதுன்னு தெரிஞ்சிரும். வீட்டுச் சத்தம் வரக் கூடாதுன்னு காதுல ஹெட்போன் வேற, அதுல ஒண்ணும் ஓடாது, வெறும் அடைப்புக்கு. அந்த அடைப்புக்குள்ள உக்காந்துக்கிட்டு இவ உதட்டைப் பார்க்கிறேன். உள் அறையில இவர் தூங்குறார். தூங்குறார்னுதான் நினைக்கிறேன். போய்ப் பார்க்கலை. பார்க்கவும் பயமாத்தான் இருக்கு.

பின்லாந்துப் படம்தான் முதல்ல வந்தது. ஏரிக்கரையில ஒரு வீடு, புருஷன் காலையில மரம் வெட்டப் போயிருவான், பொண்டாட்டி மாடியில தனியா உக்காந்து துணி தைப்பா, தினமும் மத்தியானம் கீழே அடுப்படியில யாரோ பாத்திரம் கழுவுவாங்க. இறங்கி வந்து பார்த்தா ஆள் இருக்காது, தட்டு மட்டும் ஈரத்தோட கவுத்தி வச்சிருக்கும். அவ்வளவுதான் கதை. அவ கத்த மாட்டா, ஓட மாட்டா, புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ ஒரு தட்டை வேணும்னே கழுவாம வச்சிட்டு மாடிக்குப் போவா. அந்த இடத்துல எனக்கு முதுகு சில்லுனு ஆயிப்போச்சு. முழுப் படத்துக்கும் வசனம் இருநூத்திப் பன்னெண்டு, எண்ணிப் பார்த்தேன். அதையே அமெரிக்காவுல திரும்ப எடுத்தானுங்க, வசனம் ஆயிரத்து நூத்துச் சொச்சம். அதுல ஒரு மகளைச் சேர்த்தாச்சு, ஒரு நாயைச் சேர்த்தாச்சு, நாய் அடுப்படி வாசல்ல நின்னு குரைக்கணும்ல. லைப்ரரியில பழைய பேப்பர், அதுல ஒரு செத்துப்போன பொம்பளை போட்டோ, அவ ஏன் கழுவுறா, எதைக் கழுவுறா, எல்லாத்துக்கும் கடைசியில விளக்கம். பேயே வந்து விளக்கம் சொல்லுது, சர்ட்டிபிகேட் ஒண்ணுதான் காட்டலை. அந்தப் புருஷன் தேனா ஒழுகுறான், வீட்டுக்குள்ள வந்தா கட்டிப்பிடிக்கிறான், போனை வைக்கும்போதெல்லாம் நேசிக்கிறேன்னு சொல்றான், பின்லாந்துக்காரன் பொண்டாட்டி பேரைக்கூட ஒரு தடவை சொல்லலை. டிவியில ரெண்டையும் ஒரே ஞாயித்துக்கிழமை அடுத்தடுத்துப் போடப்போறாங்களாம். இடையில படிக்க ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, எது மேல்னு நீங்களே சொல்லிருங்கன்னு கேட்டிருக்காங்க. இதுல சொல்ல என்ன இருக்கு, மூலம்தான் மேல், நான் என்னைக்குமே அந்தக் கட்சிதான். திரும்ப எடுத்ததுல ஒரு உருப்படியான படம் சொல்லுங்கன்னு எத்தனை பேர்கிட்ட மல்லுக்கு நின்னிருக்கேன். ஆனா உள்ளதைச் சொல்லணும்னா, ராத்திரி தூக்கம் வராதப்ப நான் போட்டுப் பார்க்கிறது அமெரிக்காப் படத்தைத்தான். அதுல அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆகாது. அது முன்னாடியே தெரியும்.

இன்னிக்கு டாக்டர் கேப்பார். கேக்கத்தான் போறார். போன புதன்கிழமை இவரோட தலை ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில மாட்டி, இந்தா பாருங்கம்மா, ஓரத்துல மறுபடி கொஞ்சம் நீர் கோத்த மாதிரி இருக்குன்னு பேனாவால காட்டினார். எனக்கு அதுல மேகம் மாதிரி ஏதோ தெரிஞ்சுது. இதை மட்டும் வச்சுத் திறக்கணும்னு சொல்ல முடியாது, வேண்டாம்னும் சொல்ல முடியாது, ஆள்கிட்ட மாற்றம் இருந்தா உடனே திறந்துதான் ஆகணும், விட்டா ஒருநாள் தூக்கத்துலயே போயிரலாம், மாற்றம் இல்லைன்னா தலையைச் சும்மா சும்மா திறக்க வேண்டாம், ஒரு வாரம் கவனிச்சிட்டு வந்து சொல்லுங்க, ஸ்கேன் சொல்லாது, கூட இருக்கிற நீங்கதான் சொல்லணும்னார். என்கிட்ட கேட்டார் பாருங்க, ஊர்ல ஆள் இல்லாம. திறந்து நீரை எடுத்துட்டா என்ன ஆகும் டாக்டர்னு கேட்டேன். பெரும்பாலும் பழைய மாதிரி ஆயிடுவாங்கம்மான்னு சிரிச்ச முகமாச் சொன்னார். எனக்குச் சிரிக்க வரலை. பக்கத்து நாற்காலியில இவர், தலையில அரை வட்டமாத் தையல் தழும்பு, நான் என்ன சொல்லுவேன்னு என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

இவர்னு சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி வரைக்கும் அவுகதான். எங்க திருநெல்வேலிப் பக்கம் புருஷனை அப்படித்தான் சொல்லுவோம், அவுக வந்தாக, அவுக சாப்பிட்டாக. ஸ்கூட்டருக்குக் குறுக்க நாய் பாய்ஞ்சு விழுந்து, மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்து, இருபத்தாறு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்த ஆளை அவுகன்னு கூப்பிட எனக்கு நாக்கு வரலை. ஆவுடையப்பன், மின்வாரியத்துல போர்மேன், வயசு அம்பத்தி மூணு, எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதே மூக்கு, வலது கால் சுண்டுவிரல்ல அதே மாதிரி நகம் இல்லை. ஆனா முதல் நாள் காபியைக் கையில கொடுத்தேன், தேங்க்ஸ்னார். அடப்பாவி, இருபத்திநாலு வருஷத்துல பொண்டாட்டிக்கு ஒரு தேங்க்ஸா? நான் டம்ளரைப் பிடிச்ச பிடியை விடவே இல்லை. அவுக என்னை ஏட்டின்னுதான் கூப்பிடுவாக, கோபம்னா ஏட்டியும் கிடையாது, கையில கிடைக்கிறதுதான் வரும். இவர் வடிவும்மாங்கிறார். சண்முகவடிவுங்கிற பேருக்குப் பின்னால ஒரு அம்மாவை யாரும் இதுவரைக்கும் போட்டதில்லை. புனேயில இருந்து மக உலகு போன் பண்ணி, அம்மா, அப்பா நான் சாப்பிட்டேனான்னு கேட்டாரும்மான்னு ஒரே அழுகை. எதுக்குட்டி அழுறன்னு அதட்டிட்டு, போனை வச்சிட்டு நானும் அழுதேன். அது சந்தோஷமா, கிலியான்னு எனக்கே தெரியலை. என் புருஷனையும் எவனோ திரும்ப எடுத்து அனுப்பிட்டான், ஆள் அதேதான், வசனம் மட்டும் தேனா ஊத்தியிருக்கான்.

உதடு வேற. தொழில் புத்தி போகுமா? இவர் பேசும்போது உதடு ஒரு துளி முந்திருது, குரல் பின்னால வருது. ஒரு நொடியில பத்துல ஒரு பங்குகூட இருக்காது, வேற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியுது. சரியா ஒட்டாத டப்பிங். சாப்பிடும்போது எதிர்ல உக்காந்து, ரசம் நல்லா இருக்குன்னு சொல்லுவார், நான் உதட்டையே பார்ப்பேன், உதடு சொல்லி முடிச்சிரும், அப்புறம்தான் நல்லா இருக்குங்கிறது வரும். அப்படின்னா சொல்றது யாரு? உள்ள இருந்து எழுதிக் கொடுக்கிறது யாரு? சீ, என்ன நினைப்பு இது, உடம்பு முடியாத மனுசனைப் பத்தி. தினமும் இப்படித்தான் ஓடுது. நல்லவரா இருக்கார், அதனால பயமா இருக்கு, பயமா இருக்கிறதால அது மாற்றம்தான், மாற்றம்னா டாக்டர்கிட்ட சொல்லணும், சொன்னா திறப்பாங்க, திறந்தா அவுக வந்துருவாக. சொல்லாட்டி இவர் இருப்பார். இருப்பாரா? தூக்கத்துலயே போயிரலாம்னு சொன்னார்ல. ராத்திரி மூணு தடவை எந்திரிச்சு மூக்குக்கிட்ட கையை வச்சுப் பார்க்கிறேன். மூச்சு வருதுன்னு தெரிஞ்சா நிம்மதி வரணும்ல, கூடவே இன்னொரு நினைப்பும் வருது, அதை நினைச்சு முடிக்கிறதுக்குள்ள கையை எடுத்துருவேன். மாற்றம் ஒண்ணும் இல்லை டாக்டர், அப்படியே பழைய ஆள்தான். இந்த வாக்கியத்தை ஒரு வாரமா வாய்க்குள்ள ஒத்திகை பார்க்கிறேன். கண்ணாடி முன்னால நின்னும் பார்த்தேன். உதடும் குரலும் எனக்குக் கச்சிதமா ஒட்டுது.

மேசை அதிருது. போன். ஹெட்போனைக் கழட்டலை, ஒரு பக்கம் தூக்கி வச்சுக்கிட்டு எடுத்தேன். ஸ்டூடியோவுல ஒலிப்பதிவு பார்க்கிற குணாளன். "அக்கா, பின்லாந்துப் படத்துல ஒரு சந்தேகம்க்கா." சொல்லு. "நாப்பத்தேழாவது நிமிஷம், அவ ஜன்னல் பக்கம் நிக்கிறா பாருங்க, அங்க கீழே பாத்திரம் கழுவும் சத்தம்னு குறிப்பு எழுதியிருக்கீங்க. நான் நாலு தடவை போட்டுப் பார்த்துட்டேன். அங்க ஒரு சத்தமும் இல்லைக்கா. சுத்தமா நிசப்தம்." ஒழுங்காப் பாருடா, குழாய்த் தண்ணி விழும், அப்புறம் எவர்சில்வர் தட்டு மேல தட்டு வைக்கிற சத்தம் வரும்ங்கிறேன். "அந்தப் படத்துல ஏதுக்கா எவர்சில்வரு? எல்லாம் பீங்கான்." பக்கத்தைத் திருப்பி அந்தக் குறிப்பைப் பார்த்தேன். "அக்கா, நீங்க சத்தத்தை அணைச்சிட்டுத்தானே எழுதுவீங்க? அப்புறம் எப்படிக்கா கேட்டுச்சு?" எப்படிக் கேட்டுச்சு. அந்தப் பகுதியை எழுதினது முந்தாநாள், இதே மூணு மணிக்கு. இவர் தூங்குறார்னு நினைச்சிட்டு இருந்தேன். எழுதினப்ப எனக்குக் கேட்டுச்சு, சத்தியமாக் கேட்டுச்சு. அந்தப் பொம்பளை ஜன்னல்கிட்ட நிக்கிறா, தலையை லேசாச் சாய்க்கிறா, எங்கயோ தண்ணி விழுது, தட்டு தட்டு மேல உக்காருது, நான் அவளுக்குக் கேக்குறது எனக்கும் கேக்குதுன்னு எழுதிட்டேன். "அதை அடிச்சிரு குணா, நான் அப்புறம் பேசுறேன்"னு வச்சேன். இன்னொண்ணும் இப்பத்தான் உறைக்குது. மூணு வாரமா சாயங்காலம் நான் அடுப்படிக்குப் போகும்போது மத்தியானப் பாத்திரம் கழுவிக் கவுத்திக் கிடக்கு. நானே கழுவிட்டு மறந்திருப்பேன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல மூளை குழம்பிப் போச்சுன்னு நினைச்சேன். எங்க வீட்டுல வேலைக்கு ஆள் கிடையாது. அவுக தன் கையால ஒரு டம்ளரை அலம்பினது கிடையாது.

ஹெட்போனைக் கழட்டினேன். கேக்குது. மெல்லிசாத் தண்ணி, குழாயைக் கொஞ்சமாத் திறந்து விட்டிருக்கிற சத்தம், யாருக்கும் கேட்டுரக் கூடாதுன்னு திறந்து விட்டிருக்கிற சத்தம். திரையில அமெரிக்காக்காரி வாயைத் திறந்தபடி நிக்கிறா, நான்தான் நிறுத்தி வச்சேன். நாய் குரைக்கலை. எழுந்திரிக்கணும். அங்க போய்ப் பார்த்தா யாரும் இல்லைன்னா? அவுக நின்னா? முழுசாப் போகாம இவருக்குள்ளயே இருந்த அவுக மெதுவா எழுந்து வந்து நின்னா? போன வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், பருப்பு வேகலைன்னு அவுக எறிஞ்ச சட்டி இன்னும் நெளிஞ்சபடி அந்த மேல் தட்டுலதான் இருக்கு. சுவரைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன். ஹால்ல பத்து எட்டு வச்சேன், எண்ணினேன், ஏன் எண்ணினேன்னு தெரியலை. அடுப்படி வாசல்ல முதுகு தெரிஞ்சுது. வெள்ளைப் பனியன், பிடரியில தையல் முடியிற இடம், முடி இன்னும் சரியா முளைக்காத வட்டம். தோள் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நிக்கிற அந்த நிலை அவுகளோடது. கை மட்டும் தட்டை மெதுவாத் தேய்க்குது, சத்தம் வராம, தூங்குற குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி.

"சத்தம் கேட்டுருச்சா?" திரும்பாமத்தான் கேட்டார். "மெதுவாத்தானே கழுவினேன்." எத்தனை நாளா இதுன்னு கேட்டேன், என் குரல் எனக்கே யாருதோ மாதிரி இருந்துச்சு. மூணு வாரமாங்கிறார். எதுக்குங்க, உங்களை யாரு கழுவச் சொன்னா, தலை சுத்தி விழுந்தா என்ன பண்றதுன்னு வழக்கம்போல வாய் பாட்டுக்கு ஓடுது. இவர் குழாயை மூடினார். கையைத் துண்டுல துடைச்சார். "வடிவும்மா, நீ சாப்பாடு போடும்போது நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நான் தட்டைக் கையில தூக்கினா நீ தலையைக் கீழே இழுத்துக்கிற. இன்னும் கொஞ்சம் சாதம் போடுன்னு தட்டை நீட்டினாலும் இழுத்துக்கிற, கை கழுவ எழுந்தாலும் இழுத்துக்கிற. முதல்ல எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம், இவளுக்குத் தட்டைக் கண்டா ஏதோ ஆகுது, இவ கண்ணுல படாம எடுத்து வச்சிரலாம்னு தோணுச்சு. அதான்." இந்த மனுசன் என்னையும் ஒரு வாரமா, இல்லை மூணு வாரமா, பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். நான் உதட்டைப் பார்த்தேன், இவர் என் கழுத்தைப் பார்த்திருக்கார். "எனக்கு ரொம்ப விஷயம் ஞாபகத்துல இல்லை. ஆபீஸ் இருக்கு, எங்க அம்மா இருக்காக, உலகு பிறந்தது இருக்கு. நம்ம வீட்டுக்குள்ள நடந்தது மட்டும் எதுவும் இல்லை. கேக்கவும் பயமா இருக்கு. நான் உன்னை அடிக்கிறவனா?"

உதடும் குரலும் ஒண்ணா வந்துச்சு. இவ்வளவு நாள்ல முதல் தடவை. இல்லைன்னு சொல்லிரலாம், சினிமாவுல அப்படித்தான் சொல்லுவா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, மறந்து போற வசதி இவருக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுதுன்னு. புருவத்துக்கு மேல முடியை ஒதுக்கிக் காட்டினேன். "இது தட்டு. ரசத்துல உப்பு கூடிப் போச்சு. அப்ப உலகுக்கு ஆறு வயசு, மேசைக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டா. இந்த மணிக்கட்டு கதவுல வச்சு நசுக்குனது. மிச்சத்தைச் சொல்ல நாலேகால் ஆயிரும், டாக்டர்கிட்ட போக வேண்டாமா?" தழும்பையே பார்த்தார். தொடுறதுக்குக் கையைக் கொண்டு வந்து, நான் தலையை இழுக்கிறதைப் பார்த்து, பாதியிலேயே கையை இறக்கிட்டார். "அது நானா?" "நீங்கதான். வேற எவன்?" அப்புறம் கழுவின தட்டை ஒவ்வொண்ணாத் துடைச்சு அடுக்குறார், அடுக்கிக்கிட்டே சொல்றார், "அப்ப டாக்டர்கிட்ட மாற்றம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரு. எத்தனை நாளோ அத்தனை நாள் இப்படியே இருந்துட்டுப் போறேன்." நான் ஒரு வாரமா ஒத்திகை பார்த்த வாக்கியம். அதை இவரே என் கையில எடுத்துக் கொடுக்கிறார், இந்தா வச்சுக்கோன்னு. வாங்கிக்கலாம். யாரும் கேக்கப் போறதில்லை. வாங்கிக்கிற அளவுக்கு என் கை நீண்டுதுதான், அதை நான் மறைக்க மாட்டேன். "நல்லவராச் செத்துப் போயிட்டு என்னைக் கொலைகாரி ஆக்கப் பார்க்கீங்களோ?"ன்னு கத்தினேன். அந்த அடுப்படியில நான் கத்தினது அதுதான் முதல் தடவை. இவர் போய்ச் சட்டையை மாத்திட்டு வந்தார்.

ஆட்டோவுல போய் இறங்கினோம். ஆஸ்பத்திரி மாடிப்படியில இவர் கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏறினார், நான் ஒரு படி பின்னால. அஞ்சு பத்துக்குக் கூப்பிட்டாங்க. டாக்டர் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு, சொல்லுங்கம்மா, ஒரு வாரம் கவனிச்சீங்களே, வீட்டுல எப்படி இருக்கார்ங்கிறார். இவர் என்னைப் பார்க்கலை. தலையை மட்டும் லேசா, இல்லைன்னு ஆட்டினார், கெஞ்சுற மாதிரி. மாறிட்டார் டாக்டர்னு சொன்னேன். ஆள் முழுசா மாறிட்டார். டாக்டர் நிமிர்ந்தார். "எப்படிம்மா? கோபம் வருதா? எரிஞ்சு விழறாரா? பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்." கோபமே வரலை டாக்டர், அதுதான் மாற்றம்னேன். டாக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் என் முகத்தைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், அப்புறம் கீழே குனிஞ்சு என்னமோ எழுத ஆரம்பிச்சார். எப்ப அட்மிட் பண்ணணும்னு நானேதான் கேட்டேன். நாளைக்குக் காலையிலேயே வந்துருங்கன்னார். திறந்து முடிச்சு இவர் கண் முழிக்கும்போது, பக்கத்துல நான்தான் இருக்கணுமா டாக்டர், வேற யாராவது இருந்தாலும் போதுமான்னு கேட்டேன்.